உல்ம் நாட்டின் உலைக்களம்: வாசகர் கேள்வி பதில்

சுவீடனைச் சேர்ந்த இல்விண்டர் நிறுவனம் 2024 ஜனவரியில் வெளியிட்ட ‘டொமினியன்ஸ் 6’ விளையாட்டைப் பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே நாட்டைச் சுற்றியே இருந்ததால், இந்த இதழின் பகுதியை அதற்கே ஒதுக்கிவிட்டோம். அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக: இதில் ஒவ்வொருவரும் கடவுளாகத் துடிக்கும் ஒரு சக்தியாக இருந்து ஒரு நாட்டை நடத்துகிறார். ஒரு சுற்று என்பது ஒரு மாதம். எல்லோரும் கட்டளைகளை எழுதி முடித்தபின் அனைத்தும் ஒரே நேரத்தில் நடந்தேறும். போர்க்களத்தில் குறுக்கிட முடியாது; முன்கூட்டியே அணிவகுப்பும் கட்டளையும் கொடுத்துவிட்டு, நடப்பதைப் பார்க்க மட்டுமே முடியும். விளையாட்டின் மூன்று யுகங்களில் நடுவே உள்ள மத்திய யுகத்து உல்ம், அதாவது நாடுகளின் பட்டியலில் ‘ஃபோர்ஜஸ் ஆஃப் உல்ம்’ என்று காணப்படும் நாடு, மந்திரத்தை விட எஃகை நம்பும் நாடு.

கேள்வி: புதியவர்களுக்கு ஏற்றது என்று சொன்னார்கள் என்பதால் உல்மைத் தேர்ந்தெடுத்தேன். முதல் ஆண்டு முடிவதற்குள் கஜானாவில் தங்கம் குவிந்துவிட்டது. ஆனால் படை மட்டும் பெருகவில்லை. பக்கத்து நாட்டுக் கணினி எதிரி என்னைவிட இரண்டு மடங்கு ஆட்களோடு வந்து நிற்கிறான். எங்கே தவறு?
– வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் நாட்டில் தங்கத்துக்குப் பஞ்சமில்லை, மூலவளத்துக்குத்தான் பஞ்சம். திரையில் ‘ரிசோர்சஸ்’ என்று சுத்தியல் அடையாளத்துடன் இருக்கும் அந்த எண்ணைத்தான் உல்மை ஆள்பவர் ஒவ்வொரு மாதமும் முதலில் பார்க்க வேண்டும்; தங்கத்தை அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் புதியவர்கள் பலர் கவனிப்பதில்லை. தங்கம் நாடு முழுவதற்கும் பொதுவானது. எந்த மாகாணத்தில் வசூலானாலும் எந்த மாகாணத்திலும் செலவழிக்கலாம், செலவாகாதது அடுத்த மாதத்துக்குச் சேரும். மூலவளமோ அந்தந்த இடத்துக்கு உரியது, அந்தந்த மாதத்துக்கு மட்டுமே உரியது. தலைநகரில் இந்த மாதம் கிடைத்த இரும்பையும் மரத்தையும் இந்த மாதமே கவசமாகவும் ஆயுதமாகவும் மாற்றவில்லை என்றால் அது இல்லாமலே போய்விடும். கறந்த பாலைப் பொழுது சாய்வதற்குள் விற்றாக வேண்டிய வீட்டின் நிலைமைதான் உல்மின் நிலைமை. மற்ற நாடுகளுக்கும் இதே விதிதான் என்றாலும், அவற்றின் வீரர்களில் பலர் தோல் சட்டையோடும் ஈட்டியோடும் வருகிறவர்கள் என்பதால் மூலவளம் குறைவாகவே செலவாகிறது, அங்கே முதலில் தீர்வது தங்கம்தான். உல்மின் காலாள் தலை முதல் கால் வரை தகட்டுக் கவசம் அணிந்தவன். அவனுக்குத் தங்கம் பெரிதாகச் செலவாவதில்லை, மூலவளம்தான் ஏராளமாகச் செலவாகிறது.

கணக்குக்காக ஒரு கற்பனை எண்ணை எடுத்துக்கொள்வோம். ஒரு காலாளுக்கு 20 மூலவளம் தேவை, தலைநகரில் மாதம் 200 கிடைக்கிறது என்றால், கஜானாவில் 300 தங்கம் இருந்தாலும் 3,000 தங்கம் இருந்தாலும் மாதத்துக்குப் பத்துப் பேருக்கு மேல் சேர்க்க முடியாது. ஐந்தாவது பதிப்பிலிருந்து ஆள்சேர்ப்புப் புள்ளி என்ற மூன்றாவது வரம்பும் உண்டு. ஆனால் உல்மில் அது எட்டப்படுவதற்கு முன்பே மூலவளம் தீர்ந்துவிடும்.

ஆகவே கேள்வி, மூலவளத்தை எப்படிப் பெருக்குவது என்பதுதான். கோட்டை உள்ள மாகாணம் தன் சொந்த மூலவளத்தோடு நிற்காமல், தன்னை ஒட்டிய மாகாணங்கள் உங்கள் கையில் இருந்தால் அவற்றின் மூலவளத்திலும் ஒரு பங்கை இழுத்துக்கொள்ளும். முதல் சில மாதங்களில் எந்தத் திசையில் விரிவடைவது என்ற குழப்பம் வந்தால், தலைநகரைத் தொட்டுக்கொண்டிருக்கும் மாகாணங்களை முதலில் எடுங்கள் என்பதே என் பதில். தொலைவில் வளமான வயல் நிலம் கண்ணில் பட்டாலும் அது காத்திருக்கட்டும். அந்த அண்டை மாகாணங்களுக்குள்ளும் மலையும் காடும் முந்த வேண்டும்; வயல்வெளி தங்கம் தரும், மூலவளம் அதிகம் தராது; சதுப்பு நிலம் இரண்டையும் பெரிதாகத் தராது. வழக்கமாக எல்லோரும் மலையைக் கடைசிக்குத் தள்ளுவார்கள். உல்மின் ஆட்டத்தில் அதைத் தலைகீழாக்க வேண்டும்.

அடுத்தது இரண்டாவது கோட்டை. உங்கள் கஜானாவில் குவிந்திருக்கும் தங்கத்துக்கு இதைவிடச் சிறந்த செலவு கிடையாது. கோட்டை கட்டச் சில மாதங்கள் ஆகும், ஒரு தளபதி அங்கேயே தங்கியிருக்க வேண்டும், செலவும் பெரிது. ஆனால் அது எழுந்து நின்றவுடன் அதுவரை யாருக்கும் பயன்படாமல் கிடந்த ஒரு வட்டாரத்தின் மூலவளம் ஆள்சேர்ப்புக்கு வந்துவிடுகிறது. இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் கவனம் வேண்டும். தலைநகருக்கு அடுத்த மாகாணத்திலேயே கட்டினால், அந்த மாகாணம் இதுவரை தலைநகருக்குக் கொடுத்துவந்த பங்கை நிறுத்திவிடும். இரண்டு கோட்டைகளுக்கும் பொதுவான அண்டை மாகாணங்களின் வளமும் இரண்டாகப் பிரியும். தங்கத்தைச் செலவழித்துத் தலைநகரை நாமே பலவீனப்படுத்திக்கொள்வதாக ஆகிவிடும். இரண்டு கோட்டைகளுக்கும் நடுவே குறைந்தது இரண்டு மாகாணங்களாவது இருக்கும்படி, மலையோ காடோ சூழ்ந்த இடமாகப் பார்த்துக் கட்டுங்கள். வரைபடத்தில் அப்படி ஓர் இடம் ஆரம்பத்திலேயே தென்பட்டால், அதை நோக்கியே உங்கள் விரிவாக்கத்தை அமைப்பது நல்லது.

கோட்டை எழும் வரை கையில் இருக்கும் தங்கத்தை என்ன செய்வது? கூலிப்படை ஏலத்தில் கேளுங்கள். கூலிப்படைக்குத் தங்கம் மட்டும் போதும். எந்த ஆட்டக்காரருக்கும் சொந்தமில்லாமல் இருந்து நீங்கள் பிடித்த சுதந்திர மாகாணங்களில் வில்லாளிகள் கிடைத்தால் அங்கேயே சேருங்கள். அவர்களுக்கு மூலவளம் சொற்பமே தேவைப்படும், அது உங்கள் தலைநகரின் கணக்கிலும் கைவைக்காது. ஆராய்ச்சிக் கூடமும் கோயிலும் கட்டுவதும் இதே வரிசையில் வரும். ஈரோட்டு வாசகர் தன் ஆட்டத்தை இப்போதும் மீட்டுவிடலாம். தங்கம் வீணாகவில்லை, கையில்தான் இருக்கிறது. போனது, செலவிடாமல் விட்ட மூலவளம் மட்டுமே.

கேள்வி: ஆட்டம் தொடங்கும் முன் கடவுளை வடிவமைக்கும் திரையில் உள்ள ஸ்கேல்களில் எதற்குப் புள்ளி கொடுப்பது? ‘ட்ரெய்ன்’ என்பதை உல்ம் எடுக்கலாம் என்று நண்பர் சொல்கிறார். மந்திரத்தைக் குறைக்கும் ஒன்றை யாராவது விரும்பி எடுப்பார்களா?
– வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: நண்பர் சொல்வது சரி. ஸ்கேல் என்பது உங்கள் நாட்டின் இயல்பை ஒரு பக்கமோ அதன் எதிர்ப்பக்கமோ நகர்த்தும் அளவுகோல். ‘ப்ரொடக்டிவிட்டி’ ஸ்கேல் மூலவளத்தை நேரடியாக உயர்த்துவதால், மேலே சொன்ன காரணங்களுக்காக அதுவே முதலிடம் பெற வேண்டும். வேறு பல நாடுகளை ஆடுபவர்கள் இந்த ஸ்கேலை எதிர்ப்பக்கம் தள்ளி, அதில் மிஞ்சும் புள்ளிகளை வேறெதற்காவது பயன்படுத்துவதுண்டு. அந்த ஆலோசனையைப் பொதுவான வழிகாட்டிகளில் படித்துவிட்டு உல்முக்குப் பொருத்தக் கூடாது. அடுத்து ‘ஆர்டர்’. வருமானத்தைக் கூட்டும், எதிர்பாராத நிகழ்வுகளைக் குறைக்கும். ‘க்ரோத்’ நீண்ட ஆட்டத்தில் பலன் தரும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் முதல் ஆட்டங்களை ஆடுகிறவருக்கு அதன் பலன் கண்ணில் படுவதற்குள் ஆட்டமே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது என்பது என் கருத்து.

‘ட்ரெய்ன்’ மந்திரவாதிகளின் ஆராய்ச்சியைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் உல்மின் ஆராய்ச்சியைச் செய்கிறவர்கள் ‘மாஸ்டர் ஸ்மித்’ என்னும் தலைமைக் கொல்லர்கள். அவர்களை அந்தக் குறை தாக்குவதில்லை. ஆகவே உங்களுக்குப் புள்ளிகள் மிச்சமாகின்றன, நட்டம் மிகக் குறைவு. அதோடு, ‘ட்ரெய்ன்’ நிலவும் மாகாணத்தில் எல்லோருடைய மந்திரத் தடுப்பும் சற்று உயர்கிறது. மந்திரத் தடுப்பில் பின்தங்கிய உல்ம் வீரனுக்கு அது நல்ல உதவி. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: இந்த ஸ்கேல்கள் எல்லாம் உங்கள் கடவுளின் செல்வாக்கு பரவியிருக்கும் மாகாணங்களில்தான் செயல்படும். கோயில் கட்டாமலும் தீர்க்கதரிசியை நியமிக்காமலும் இருந்துவிட்டு, ப்ரொடக்டிவிட்டி வேலை செய்யவில்லை என்று குறைப்படுவதில் பயனில்லை.

கடவுளின் வடிவத்தைப் பொறுத்தவரை, முதல் மாதத்திலேயே விழித்திருந்து நேரில் போரிடும் கடவுள் உல்முக்குத் தேவையில்லை. சுதந்திர மாகாணங்களைப் பிடிக்க அதன் காலாட்படையே போதும். சுமார் ஓராண்டு கழித்து விழிக்கும் ‘டார்மண்ட்’ நிலையை எடுத்து, அதனால் கிடைக்கும் கூடுதல் புள்ளிகளை ஸ்கேல்களிலும், உல்மிடம் இல்லாத மந்திரப் பாதைகளிலும், அதாவது மந்திர வகைகளிலும் போடுங்கள். கொல்லர்களிடம் பூமியும் நெருப்பும் உண்டு. நான் ஆடினால் கடவுளுக்கு ‘ஆஸ்ட்ரல்’ என்னும் விண்மீன் மந்திரப் பாதையைக் கொடுப்பேன். காரணம் கடைசிக் கேள்விக்கு முந்தையதில் வருகிறது. வீரர்களுக்கு ஆசி வழங்கும் ‘ப்ளெஸ்’ பகுதிக்குப் பெரிதாகச் செலவழிக்க வேண்டாம். புனித வீரர்களைக் கூட்டம் கூட்டமாக இறக்கி வெல்லும் நாடு இது அல்ல.

கேள்வி: கேடயம் ஏந்தியவனா, இரு கைகளாலும் ஆயுதம் பிடித்தவனா? பட்டியலில் ஏறக்குறைய ஒரே மாதிரியான காலாட்கள் வரிசையாக இருக்கிறார்கள்.
– வாசகர், கோலாலம்பூர்

பதில்: தொடக்க விரிவாக்கத்துக்கு இரண்டும் கலந்த படை. கேடயக்காரர்கள் முன்வரிசையில் நின்று அடியையும் அம்பையும் வாங்கிக்கொள்ள, இரு கை ஆயுதக்காரர்கள் சற்றுப் பின்னால் அல்லது பக்கவாட்டில் நின்று வேலையை முடிக்கட்டும். கேடயக்காரர்களை மட்டுமே வைத்தால் இழப்பு குறைவாக இருக்கும், ஆனால் போர் நீளும். உல்முக்குப் போர் நீள்வது ஏன் ஆபத்து என்பதை அடுத்த பதிலில் காணலாம். அர்பலெஸ்ட் எனப்படும் கனத்த குறுக்குவில்லின் அம்பு கவசத்தின் பலனைப் பாதியாக்கிவிடும் என்றாலும், ஒரு முறை எய்தபின் மறுபடி நாணேற்ற வெகுநேரம் பிடிக்கும். மாவீரர்களோ கனத்த குதிரைப்படையோ காவல் இருக்கும் மாகாணத்துக்கு அது பயன்படும். சாதாரணக் குடிப்படையை எதிர்க்க அந்த மூலவளத்தை வீணாக்க வேண்டியதில்லை.

கறுப்புக் குதிரை வீரர்கள் பார்க்க அழகானவர்கள். ஒருவருக்கு ஆகும் செலவில் பல காலாட்களைச் சேர்த்துவிடலாம் என்பதால் முதல் ஆண்டில் அவர்களைத் தொடாமல் இருப்பது நல்லது.

கேள்வி: வெல்ல வேண்டிய போரில் என் வீரர்கள் காயமே இல்லாமல் மயங்கி விழுந்தார்கள். எதிரே இருந்தவை வெறும் எலும்புக்கூடுகள். இது விளையாட்டின் பிழையா?
– வாசகர், மதுரை

பதில்: பிழை அல்ல. ஒவ்வொரு வீரனுக்கும் ‘என்கம்ப்ரன்ஸ்’ என்ற எண் ஒன்று உண்டு. அவன் கவசத்தின் சுமையை அது காட்டுகிறது. ஒவ்வொரு முறை ஆயுதத்தை வீசும்போதும் அந்த அளவுக்கு அவனுடைய களைப்பு கூடும். களைப்பு ஏற ஏற அவன் தாக்கும் திறனும் தற்காக்கும் திறனும் குறைகின்றன, அவன் கவசத்தின் இடுக்கில் அடி விழும் வாய்ப்பு கூடுகிறது, 100-ஐ எட்டினால் மயங்கி விழுகிறான். மயங்கியவனைக் கொல்ல எலும்புக்கூட்டுக்குத் துருப்பிடித்த வாளே போதும். உல்மின் தகட்டுக் கவசம் மிகக் கனமானது. இறந்தெழுந்தவைகளுக்கோ களைப்பே கிடையாது. தொடக்கத்தில் நீங்கள் வென்றுகொண்டிருந்ததும், நேரம் ஆக ஆகத் தோற்றதும் அதனால்தான்.

பரிகாரம், படை முழுவதையும் ஒரே நேரத்தில் மோதவிடாமல் இருப்பது. பாதிப் பேரை முன்னே அனுப்பி, மீதிப் பேருக்கு ‘ஹோல்ட் அண்ட் அட்டாக்’ கட்டளை கொடுத்துப் பின்னால் நிறுத்துங்கள். முன்வரிசை சோரும் நேரத்தில் களைப்பில்லாத வரிசை வந்து சேரும். இறந்தெழுந்தவைகளை எதிர்ப்பதற்கு உங்கள் பூசாரிகளும் பயன்படுவார்கள். அவற்றை விரட்டும் ஆற்றல் பூசாரிகளுக்கு உண்டு. மரண மந்திர நாட்டின் முக்கியமான ஆயுதம், போரின் நடுவிலேயே எலும்புக்கூடுகளை எழுப்பிக்கொண்டே இருக்கும் மந்திரவாதிகள்தான். எழுப்பப்பட்டவற்றை வெட்டிக்கொண்டிருப்பதில் பயனில்லை, எழுப்புகிறவனை அடைய வேண்டும். பிற்காலத்தில் கறுப்புக் குதிரை வீரர்களுக்கு வேலை கிடைப்பது இங்கேதான்: பக்கவாட்டில் நிறுத்தி ‘அட்டாக் ரியர்’ என்று கட்டளை கொடுத்தால், முன்வரிசையைச் சுற்றிக்கொண்டு பின்வரிசையை நோக்கிப் பாய்வார்கள்.

கேள்வி: தலைமைக் கொல்லர்கள் ஆராய்ச்சி செய்யட்டுமா, பொருள் வார்க்கட்டுமா, படையோடு போகட்டுமா?
– வாசகர், திருச்சி

பதில்: முதல் ஆண்டில் ஆராய்ச்சி. தலைநகரில் கொல்லரைச் சேர்ப்பது எந்த மாதமும் தடைபடாதபடி தங்கத்தை ஒதுக்கிவையுங்கள். இரண்டாவது கோட்டையில் ஆராய்ச்சிக் கூடம் ஒன்றும் கட்டிவிட்டால் அங்கேயும் சேர்க்கலாம்; கோட்டையின் பயன் மூலவளத்தோடு முடிவதில்லை என்பதை இதிலிருந்து உணரலாம்.

எந்தத் துறையை ஆராய்வது என்பதில் முக்கியமானவை இரண்டு: ‘கன்ஸ்ட்ரக்ஷன்’, ‘எவொகேஷன்’. முதலாவதில் ‘லீஜன்ஸ் ஆஃப் ஸ்டீல்’ என்ற மந்திரம் வீரர்களின் கவசத்தை மேலும் உறுதியாக்குகிறது. ஏற்கெனவே கவசம் கனமாக உள்ள படைக்கு அது ஏன் என்று தோன்றலாம். இந்த விளையாட்டில் கவசத்தின் மதிப்பு நேர்க்கோட்டில் ஏறுவதில்லை; ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் சாதாரண வீரர்களின் அடிகளில் பெரும்பகுதி காயமே ஏற்படுத்தாமல் போகிறது. அந்த எல்லைக்கு மிக அருகில் நிற்கும் படை உல்முடையது. இரண்டாவது துறையில் ‘ப்ளேட் விண்ட்’ வரும். காற்றில் பறக்கும் இரும்புத் துண்டுகள் களத்தில் சிதறி விழும். தோல் சட்டைக்காரர்கள் மடிவார்கள், இடையில் அகப்பட்ட உங்கள் தகட்டுக் கவசக்காரர்கள் பெரும்பாலும் தப்பிவிடுவார்கள். தம் வீரர்கள்மேல் விழுமோ என்று மற்ற நாட்டினர் அஞ்சும் மந்திரத்தை உல்ம் தயங்காமல் பயன்படுத்தலாம். ‘கன்ஜுரேஷன்’ துறையில் வரும் ‘சம்மன் எர்த்பவர்’ மந்திரத்தைப் போரின் தொடக்கத்தில் கொல்லர் ஓதினால் அவருடைய பூமி ஆற்றல் ஒரு படி உயரும், களைப்பும் தணியும். அவருடைய கட்டளை வரிசையில் அதையே முதலாவதாக எழுதுங்கள்.

மந்திரப் பொருள்களை வார்ப்பது அதன் பிறகு. பொருள் வார்க்கச் செலவாகும் மந்திர மணிகளில் (‘ஜெம்ஸ்’) கொல்லர்களுக்குச் சலுகை உண்டு என்பதால், மற்றவர்கள் யோசித்துச் செய்யும் பொருளை நீங்கள் தாராளமாகச் செய்யலாம். மனிதர்களோடு இணையத்தில் ஆடும்போது இது ஒரு வியாபாரமாகவே ஆகிவிடும்: அவர்கள் பூமி மணிகளைக் கொடுப்பார்கள், நீங்கள் கவசமும் வாளும் வார்த்துக் கொடுத்து, மிஞ்சிய மணிகளை வைத்துக்கொள்ளலாம். தமக்கு ஆயுதம் வார்த்துக் கொடுக்கும் அண்டை நாட்டின்மீது படையெடுக்க யாரும் அவ்வளவு சீக்கிரம் துணிவதில்லை.

கேள்வி: மூன்றாம் ஆண்டில் பெரும்படையோடு போனேன். எதிரியின் ஐந்தாறு மந்திரவாதிகள் என் வீரர்களைக் கட்டிப்போட்டுவிட்டார்கள். சிலர் அவர்கள் பக்கமே சேர்ந்துவிட்டார்கள். கவசம் எதற்கும் உதவவில்லை.
– வாசகி, சென்னை

பதில்: மனத்தைத் தாக்கும் மந்திரங்கள் கவசத்தைப் பார்ப்பதில்லை, மந்திரத் தடுப்பை மட்டுமே பார்க்கின்றன. உல்மின் உண்மையான பலவீனம் அதுதான். ஆஸ்ட்ரல் மந்திரத்தில் கைதேர்ந்த நாடு உங்கள் எல்லையில் இருந்தால், மூன்றாம் ஆண்டு வரை காத்திருந்ததே அவர்களுக்குச் சாதகமாகிவிட்டது. ஆராய்ச்சியில் அவர்கள் முன்னேற முன்னேற உங்கள் எஃகின் மதிப்பு குறைந்துகொண்டே போகும். அப்படிப்பட்ட அண்டை நாட்டின்மீது முதல் ஆண்டின் கடைசியிலோ இரண்டாம் ஆண்டின் தொடக்கத்திலோ, உங்கள் காலாட்படையின் கை ஓங்கியிருக்கும்போதே போக வேண்டும். வரைபடத்தில் அக்கம்பக்கத்து நாடுகள் எவை என்று தெரிந்த மாதமே இதை முடிவு செய்துவிடுவது நல்லது.

காலம் கடந்துவிட்டது என்றால், கடவுளுக்குக் கொடுத்த ஆஸ்ட்ரல் பாதையை இப்போது பயன்படுத்தலாம். படை முழுவதன் மந்திரத் தடுப்பையும் உயர்த்தும் ‘ஆண்டிமேஜிக்’ என்ற மந்திரம் உண்டு. அதை ஓதுவதற்காகவே கடவுளைப் படையோடு அனுப்பலாம். போரை முடிந்தவரை உங்கள் செல்வாக்கு பரவிய மாகாணத்தில், ‘ட்ரெய்ன்’ நிலவும் இடத்தில் நடத்துங்கள். பெரும்படையை ஒரே இடத்தில் குவிக்காமல் இரண்டு மூன்றாகப் பிரித்து ஒரே மாதத்தில் வெவ்வேறு மாகாணங்களைத் தாக்கினால், அந்த ஐந்தாறு மந்திரவாதிகளால் ஓரிடத்தில்தான் இருக்க முடியும்.

கேள்வி: என்னிடம் 2017-இல் வந்த ‘டொமினியன்ஸ் 5’ இருக்கிறது. இதற்காக ஆறாவது பதிப்பை வாங்க வேண்டுமா?
– வாசகர், கோவை

பதில்: உல்மை ஆடக் கற்றுக்கொள்வதற்கு வேண்டியதில்லை. மூலவளமும் கோட்டையும் கவசமும் களைப்பும் அங்கேயும் ஏறக்குறைய இதே முறையில்தான் இயங்குகின்றன. ஆறாவது பதிப்பில் ‘க்ளாமர்’ என்ற புதிய மந்திரப் பாதை சேர்ந்திருக்கிறது. அதை ஓதத் தெரிந்தவர் உல்மில் எப்படியும் கிடைக்கப் போவதில்லை. இணையத்தில் மற்றவர்களோடு ஆட விரும்பினால் மட்டும், உங்கள் நண்பர்கள் எந்தப் பதிப்பை வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.